பாஸ்போர்ட்டுக்குப் போட்ட இஸ்திரி

1991-இல், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், பென்னலூரில் இருந்த ஒரு சலவைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இன்றைக்கு அந்த ரோட்டில் வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அன்றைக்குப் பெங்களூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்கள் தகரக் கூரையும், கொடியில் காயும் வெள்ளைத் துணியும்தான் தெரியும்.

எங்களுக்கு இரண்டு இடத்துத் துணி வரும். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து விமானத்துப் போர்வைகளும், சீட்டில் தலை சாய்க்கும் இடத்தில் போடுகிற துணிகளும் வரும். மெட்ராஸில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு ஓட்டலிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வரும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டிப் போட்ட மாதிரி. இன்றைக்கு விமானத்துத் துணி நிறைய வந்தால், நாளைக்கு ஓட்டல் மூட்டை டெம்போவை அடைத்துக்கொண்டு வரும். நான் மூட்டை பிரிக்கிற இடத்தில் இருந்தேன். பிளஸ் டூ படித்தவள் என்பதால் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். வாய் அதைவிட அதிகமாகவே வரும்.

வளைகுடாவில் சண்டை ஆரம்பித்ததும் எங்கள் பிழைப்பும் ஆட்டம் கண்டது. ஆள் ஏறவில்லை என்று விமானத்தைக் குறைத்தார்கள். விமானம் இல்லை என்று சுற்றுலாக்காரர்கள் வரவில்லை. எங்கேயோ விழுகிற குண்டுக்கும் பென்னலூரில் சலவைச் சோடா கரைத்த தண்ணித் தொட்டி காலியாகக் கிடப்பதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது? பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு அம்மாவின் வேலையே தலையணை உறைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, உதறிப் பார்த்துவிட்டுத் தொட்டியில் போடுவதுதான். அவர் நின்றதும் உறைகள் அப்படியே தொட்டிக்குப் போக ஆரம்பித்தன.

அன்று காலை வந்தது ஒரே ஒரு சின்ன மூட்டை. ஊறிய உறைகளை அலச எடுத்தபோது, ஒன்றின் மூலையில் அட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. கையை விட்டு எடுத்தால் பாஸ்போர்ட்! சொதசொதவென்று ஊறி, தண்ணீர் சொட்டியது. பிரித்துப் பார்த்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் படம். பத்திரமாக இருக்கட்டும் என்று தலையணை உறைக்குள் வைத்துப் படுத்திருக்கிறார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ரூம் பையன் உறையை மாற்றிவிட்டான் போலிருக்கிறது.

முதலாளி ஓட்டலுக்குப் போன் போட்டார். எடுத்தவர்கள் அங்கே ஒரே அமளி என்றார்கள். அந்த வெள்ளைக்கார அம்மாவின் தாயாருக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்படு என்று ஊரிலிருந்து செய்தியாம். மத்தியானம் பம்பாய் வழியாக அவர் நாட்டுக்குப் போகிற விமானத்தைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் அப்புறம் எப்போது விமானம் என்று யாருக்கும் தெரியாது. கையோடு கொண்டு வாருங்கள் என்றார்கள்.

டெம்போவுக்கு டீசல் போட ஆள் போனது. அந்த இடைவெளியில்தான் இஸ்திரி அண்ணன் பாஸ்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கினார். சொந்த அண்ணன் இல்லை. கம்பெனியில் எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். தங்கமான மனுஷர், எறும்பை மிதித்தால்கூட வருத்தப்படுவார்.

"ஈரமா கீதே தங்கச்சி. இப்டியே குடுத்தா அந்தம்மா பயந்துடும். மேல துணியப் போட்டு லேசா ஒத்தியெடுத்தா காஞ்சிடும்" என்றார்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. எங்கள் இடத்தில் ஈரமாக எது வந்தாலும் இஸ்திரிப் பெட்டிதானே மருந்து. பட்டுப் புடவைக்குப் போடுவது போல மேலே மல் துணி விரித்து, கரிப்பெட்டியை ஒவ்வொரு தாளாக ஒத்தினார். ஒட்டியிருந்த தாள்கள் மொறமொறவென்று பிரிந்து வந்தன. அவருக்கு ஒரே பெருமை. "பாத்தியா, புதுசு மாரி ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கடைசியாகப் படம் இருந்த பக்கத்தில் பெட்டியை வைத்தார்.

அதன் மேல் பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நாற்றம் வந்தபோதுதான் அண்ணன் பெட்டியைத் தூக்கினார். பிளாஸ்டிக் சுருண்டு, படத்தோடு இழுத்துக்கொண்டு கருகியிருந்தது. முகம் இருந்த இடத்தில் முகமே இல்லை. அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.  

டெம்போவில் நானும் அவரும்தான் போனோம். நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.  பூந்தமல்லி தாண்டியதும், "அவங்கம்மா உசுரோட இருக்கணும்னு வேண்டிக்கோ" என்றார்.

ஓட்டல் வாசலிலேயே அந்தப் பெண்மணி பெட்டியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஐயோ, அந்த அணைப்பை நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொல்லி, பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

இருந்தாலும் ஏர்போர்ட்டுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகத்தான் பார்த்தார். படம் இல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது, அதுவும் சண்டை நடக்கிற நேரம் என்று சொல்லிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெண்மணி தள்ளுவண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் செய்தது என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்து, "நான்தாம்மா" என்று சொல்லி அவர் காலடியில் விழுந்துவிட்டார். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். திட்டவில்லை.  நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அந்த விமானம் கிளம்பிப் போனது.

மறுநாளிலிருந்து அண்ணன் வேலைக்கு வரவில்லை. முதலாளியும், "இனிமே வரவும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது, "சோறு தண்ணி இல்லாம சுவத்தப் பாத்துகினு உக்காந்துகினு கீறாரும்மா" என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். என் வாயெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்றோ, ஒரு ஆறுதல் சொல்ல வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, கம்பெனி வாசலில் ஓட்டல் கார் வந்து நின்றது. அந்தப் பெண்மணிதான். அவர் நாட்டுத் தூதரகத்தில் தற்காலிகமாக ஒரு தாள் வாங்கி, எப்படியோ சுற்றி வளைத்துப் போகிற ஒரு விமானத்தில் இடம் பிடித்திருந்தார். தாயார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முந்தாநாள் இறந்துவிட்டார் என்றார். அடக்கம் செய்யாமல் இவருக்காக வைத்திருக்கிறார்களாம். 

அவர் கையில் ஒரு கறுப்பு உடுப்பு இருந்தது. பயணப் பெட்டியின் அடியில் கிடந்து ஏகத்துக்குக் கசங்கியிருந்தது. அம்மாவின் அடக்கத்துக்கு இதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அன்று வந்தாரே, அவர் இதற்கு இஸ்திரி போட்டுத் தருவாரா என்று கேட்டார். ஓட்டலிலேயே போடுவார்களே என்றேன். தெரியும், ஆனால் அவர்தான் போட வேண்டும் என்றார்.

நான் ஓடினேன். அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறை. கம்பெனிக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் பின்வாங்கினார். "வாணாம் தங்கச்சி, நான் இனிமே பொட்டியத் தொடமாட்டேன். இன்னா தைரியத்துல தொடுவேன்? அதையும் கெடுத்துட்டா?" என்று அழுதார். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உடுப்பை நீட்டியபடியே நின்றார், கையை மடக்கவில்லை. முதலாளி ஏதோ சொல்ல வந்து, அவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் அண்ணன் வாங்கிக்கொண்டார். பெட்டியின் அடியைத் துடைத்தார். தன் வேட்டி முனையில் சூடு பார்த்தார். கறுப்புத் துணிக்கு நேராகப் போட்டால் பளபளப்பு ஏறி அசிங்கமாகிவிடும், அதனால் உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு சுருக்கத்தையும் விரலால் நீவி நீவிப் போட்டார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, தோளில் துடைத்துக்கொண்டார், கை மட்டும் தடுமாறவில்லை. அந்தப் பெண்மணி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, முதன்முதலாக வாய்விட்டு அழுதார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடுப்பை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார் அண்ணன். அந்தப் பெண்மணி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணனின் வலது கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளி யாரையும் பார்க்காமல், "போய் சாப்ட்டு வந்து வேலையப் பாரு" என்று அண்ணனிடம் சொன்னார்.

சண்டை நின்றது, விமானங்கள் திரும்பின, மூட்டைகளும் திரும்பின. அந்தப் பெண்மணி திரும்பி வரவே இல்லை. தாயை உயிரோடு பார்க்க முடியாமல் செய்த கையிலேயே, தாயின் அடக்கத்துக்கான உடுப்பையும் நம்பிக் கொடுக்க ஒரு மனசு வேண்டும், அது எனக்கு அந்த வயதில் கனவிலும் வந்திருக்காது. இன்றைக்கும் வீட்டில் யாராவது எதையாவது கெடுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றால், எனக்குத் திட்டத்தான் வாய் வரும். ஆனால் திட்டி முடித்த பிறகாவது, அடுத்த பொருளை மறக்காமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.