துரையிடம் கேட்ட கேள்வி

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆசையும் அப்படித்தான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து டீச்சருக்கும் என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் இங்கிலீஷ் படித்தேன். "இங்கிலீசு படிச்சு கொழுந்துகிட்டயா பேசப்போற?" என்று நாங்கள் வரிசைக் காம்பராக்களில் குடியிருந்த லயமே சிரித்தது. அதுவரை நான் கேட்ட இங்கிலீஷ் எல்லாம் 'கம்', 'கோ', 'கெட் அவுட்' தான். கேள்வி கேட்கும் வாக்கியமும் அந்த மொழியில் உண்டு என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. "நேற்று, இண்டைக்கு, நாளைக்கு. இந்த மூண்டையும் சொல்லத் தெரிஞ்சாக் காணும்" என்பார் டீச்சர்.

ஒருநாள் விடியற்காலை, பக்கத்துக் காம்பரா அக்காவின் கைக்குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறியை விட்டால் வேறு வழியில்லை. அதற்கு வெள்ளைக்காரத் துரை உத்தரவு தர வேண்டும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குக் குழந்தையோடு ஓடினோம். துரையிடம் நாங்கள் நேரே பேசுவது வழக்கமில்லை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாதான் எடுத்துச் சொல்ல வேண்டும். "புள்ள செத்துரும்ங்கய்யா, லொறி குடுக்கச் சொல்லுங்க" என்று அக்கா கதறினார். காலையிலேயே துரையிடம் திட்டு வாங்கப் பயந்தாரோ என்னவோ, கண்டாக்கையா திரும்பி, "லிட்டில் ஃபீவர், சார்" என்றார்.

சின்னக் காய்ச்சலாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்திப் போய் துரை முன்னால் நின்றேன். நேற்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, இன்று வலிப்பு வருகிறது, நாளை செத்துப்போகும் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். பிறகு கேட்டேன், "வில் யூ கிவ் த லொறி, சார்?"

துரை என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "டிரைவர்! கோ!" என்று கத்தினார். அந்த அதட்டல் அன்றைக்குத்தான் என் காதில் தேனாக விழுந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. அது தேறி வந்ததும், இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக டீச்சரின் வகுப்புக்கு வந்தது அந்த அக்காதான். சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். "என்ன, கொழுந்துகிட்ட பேசணுமா?" என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதன்பிறகு எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில், எத்தனையோ பெரிய மனிதர்கள் முன்னால் நின்றிருக்கிறேன். எனக்காக வேறொருவர் பேசட்டும் என்று மட்டும் நான் ஒருநாளும் காத்து நின்றதில்லை.