மாடி அறையில் ஒரு கிரகம்

அந்தப் பெட்டியைத் திறக்காமலே கொடுத்துவிட்டுப் போனார் அவர். செங்கம் சாலையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். தாயகம் திரும்பும்போது கொசுவலையை ஒருவருக்கு, குக்கரை ஒருவருக்கு என்று பங்கு வைத்தவர், மிஞ்சிய ஒரு விளையாட்டு அட்டைப் பெட்டியை என் கையில் திணித்தார். வேங்கிக்காலில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டருக்குத் தினமும் வருகிறவர் என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு பழக்கமில்லை.

"புதுசு. நான் ஆடல. ரெண்டு பேர் வேணும்" என்றார்.

எனக்கு இருந்ததே ஒருவன்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்தவன், சமணக் குடும்பத்துப் பிள்ளை. அவனுக்கு ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருந்தது. அதே தேர்வை நானும் எழுதினேன், எனக்குக் கிடைக்கவில்லை. அவன் கிளம்பப் பதினேழு நாள் இருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த கோடை. கல் சுவரெல்லாம் அனல் கக்கும் மாதம். அவன் போவதற்குள் ஒரு ஆட்டத்தையாவது முழுசாக ஆடி முடித்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முடித்துவிட வேண்டும் என்று சொன்னது அவன். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

பெட்டிக்குள் பொம்மைகள் இருக்கும் என்று நினைத்தோம். இருந்தவை உறுப்புகள். பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடியில் காய் தொங்குவதுபோல, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் தலைகள், முழங்கால்கள், துப்பாக்கிகள். வேற்றுக் கிரகத்துப் படைவீரர்கள், பக்கத்துக்கு ஐந்து பேர், கட்டைவிரல் உயரம். அவன் வீட்டு மாடி அறையில் நகவெட்டியால் நறுக்கினோம், பிளேடால் பிசிறு சீவினோம். சட்டென்று பிடிக்கும் பசை, பொம்மையில் பிடித்ததைவிட என் விரலில் பிடித்ததே ஜாஸ்தி.

"டேய், இவனுக்கு ரெண்டும் எடது கைடா."

"இருக்கட்டும். வேற கெரகம். அங்க அப்படித்தான் பொறப்பானுங்க."

"அப்ப இவன் எனக்கு வேணாம். நீயே வெச்சிக்கோ."

வாங்கி வைத்துக்கொண்டேன். கவசத்துக்கு, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட், தலைக்கவசத்துக்கு அவன் தங்கையின் நெயில் பாலிஷ். அண்டத்தை அழிக்க வந்தவர்கள் ரோஸ் நிறத்தில் பளபளத்தார்கள். ஒட்டிப் பூசிக் காய வைப்பதிலேயே பதினொரு நாள் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒரு முழங்கையைப் பிடித்துக்கொண்டு பசை இறுகும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்த நிமிடங்கள் இருக்கின்றனவே, அவற்றைப்போல நிறைந்த நிமிடங்கள் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

விதிப் புத்தகம் பொடி எழுத்து ஆங்கிலம். கஷ்டப்பட்டுப் படித்ததில் தேறியது இவ்வளவு: ஒரு முறைக்கு ஆறு இன்ச் நகரலாம், எதிரி கண்ணுக்குத் தெரிந்து, எட்டு இன்ச்சுக்குள்ளும் இருந்தால் சுடலாம், பகடையில் நாலோ அதற்கு மேலோ விழுந்தால் அவன் செத்தான். செத்தான் என்ற சொல்லை அவன் அம்மா மாடிப்படியிலிருந்தே கேட்டுவிட்டார்.

"எங்க வீட்ல எதையும் கொல்லக் கூடாது. உக்காந்துட்டான்னு சொல்லுங்க, போதும்."

அன்றுமுதல் எங்கள் போரில் யாரும் சாகவில்லை, உட்கார்ந்தார்கள்.

புத்தகத்துப் படத்தில் களத்தின் நடுவே ஒரு பள்ளம். பள்ளமா? மலையைச் சுற்றி அமைந்த ஊர் எங்களுடையது. நடுவில் மலை இல்லாத ஊரில் கிழக்கு மேற்கை எப்படிக் கண்டுபிடிப்பது? டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலைச் செதுக்கி மலை செய்தோம். ஜன்னல் பக்கம் அவன் படை, கதவுப் பக்கம் என் படை. முதல் ஆட்டம் தொடங்கியது. தையற்காரர் டேப்பை நீட்டி ஆறாறு இன்ச்சாக நகர்த்தினோம். நான்கு சுற்று ஆகியும் ஒரு குண்டு வெடிக்கவில்லை. மலை மறைத்துக்கொண்டே இருந்தது.

"எங்கடா ஓடற, பயந்தாங்கொள்ளி?"

"யாரு ஓடறது? உன்னத் தேடித்தான்டா வரேன்."

சுண்டல் கொண்டுவந்த அவன் அம்மா, கிண்ணத்தை வைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடா இது, ரெண்டு கோஷ்டியும் கிரிவலம் போவுது?"

குனிந்து பார்த்தோம். பத்து வீரர்களுக்கும் மலை வலப்பக்கம். என் படையின் பின்னால் அவன் படை, அவன் படையின் பின்னால் என் படை. ஒருவர் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தால் இரண்டாவது சுற்றிலேயே மோதியிருப்போம். யாருடைய கையும் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"நான் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்தறவன். உனக்கு இன்னாடா வந்துச்சு?"

"எங்க கோயில்லயும் இப்படித்தான்டா சுத்துவோம்."

"சரி, இப்ப திரும்பு."

"நீ திரும்பு."

"தெர்மாகோல்டா இது."

"தெரியுதில்ல, அப்ப நீயே திரும்பேன்."

பொம்மையைத் தூக்குவேன், கை அந்தரத்தில் நிற்கும், இருந்த இடத்திலேயே வைப்பேன். அவனும் அப்படியே. கடைசியில் திரும்ப மனமில்லாமல், மலையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு வேறு ஆட்டம் தொடங்கினோம்.

அந்த ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். அதனால் தினமும் ஒன்றரை மணி நேரம்தான் போர். அவன் கிளம்புவதற்கு முந்தின மாலை, களத்தில் அவன் படைத்தலைவன் ஒருவன், என்னிடம் இரண்டும் இடது கையான அந்த ஒருவன். மற்ற எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. என் முறை. சுட்டு, நாலு விழுந்தால் ஆட்டம் முடியும். பெட்டியில் வைத்து மூடிவிடலாம். அவன் காலையில் பஸ் ஏறிவிடுவான்.

டேப்பை நீட்டினேன். ஏழரை இன்ச்.

"எட்டே கால்" என்றேன். "எட்டாது."

அரை இன்ச்சுக்கு அரை மணி நேரம் சண்டை போடுகிறவன் அவன். குனிந்து டேப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஆமா. எட்டே கால்தான்" என்றான்.

கீழேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். "நீயும் வாப்பா." போனோம். களத்தைக் கலைக்கவில்லை.

அவன் போன ஒன்பதாம் நாள் சென்டருக்குப் போன் வந்தது. சாப்பாடு காரம் என்றான், ரூமில் தண்ணீர் கம்மி என்றான், பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுகிறான் என்றான். பிறகு கேட்டான்.

"டேய், இப்ப என் டர்ன்தான?"

"ஆமா."

"சுடல. பின்னாடி போறேன். ஆறு இன்ச்."

மாலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். டேப்பைத் தரையில் நீட்டி, அவன் தலைவனை ஆறு இன்ச் பின்னால் நகர்த்தி வைத்தேன்.