மெம்பர் வீட்டில் ரவுண்டப்

என் கணவர் மாகாண சபைக்குத் தெரிவானபோது கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெடி கொளுத்தினார்கள். எனக்கு அன்றைக்குத் தொடங்கியது பயம். எங்கள் வாசலில் ஒரு பொலிஸ்காரரைக் காவலுக்குப் போட்டார்கள். அவரைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பதவியில் இருந்து என் மனுசன் திறந்து வைத்தது ஒரு பாலர் பாடசாலையும் ஓர் ஆயுர்வேத மருந்தகமும். பொலிசோ இராணுவமோ மாகாண சபை சொல்லிக் கேட்கிற ஆட்களா? அது சனத்துக்கு விளங்காது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கள் கேற்றில் வந்துதான் அழுவார்கள். இவரும் ஒரு சேட்டு மாட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போவார். சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். என் தம்பி வந்து இறங்கியதுமே நான் சொன்னேன்.

“இஞ்சருங்கோ, இவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சுபோட்டு வாங்கோ.”

“உமக்கென்ன விசரே? மெம்பற்ர வீட்டுக்குள்ள எவன் வந்து செக் பண்ணப்போறான்? நான் போய் லைனில நிண்டா சனம் என்ன நினைக்கும்?”

சனம் நினைக்கிறதுதான் அவருக்குப் பெரிசு.

ஒரு காலை ரவுண்டப் வந்தது, வீடு வீடாகச் சுற்றிவளைப்பு. ஒழுங்கை முழுக்க இராணுவம். காவல் பொலிஸ்காரர் சல்யூட் அடித்துவிட்டு விலகி நின்றார். வேறென்ன செய்வார், பாவம். தம்பி கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்தான். பொலிஸ் பதிவைக் கேட்டார்கள். இவர் தன்னுடைய சபை அட்டையை நீட்டினார். அதை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஓர் ஆமிக்காரன் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், “பய வென்ன எபா, நோனா” என்றான். பயப்படக் கூடாதாம்! தம்பி வாய்கூடக் கொப்பளிக்காமல் ட்ரக்கில் ஏறினான்.

நாங்கள் பின்னாலேயே ஸ்டேசனுக்குப் போனோம். இவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் றோட்டோரம், பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரோடு நின்றேன். மகனோடு லொட்ஜில் இருந்த ஒரு மனுசி, நான் யாரென்று தெரியாமல் என் கையைப் பிடித்தாள்.

“அழாதேங்கோ அக்கா. எங்கட மெம்பர் உள்ளுக்குப் போயிருக்கிறார். அவர் போனா விட்டிடுவாங்கள்.”

“ஓம்” என்றேன். அவளுடைய மெம்பருக்குக் காலையில் சேட்டுப் பொத்தானைக்கூடப் பூட்ட வரவில்லை, நான்தான் பூட்டிவிட்டேன். அதை எப்படிச் சொல்ல?

மத்தியானம் தாண்டி இவர் தனியே வெளியே வந்தார். சனம் மொய்த்தது. கூட்டங்களில் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டு, “விசாரிச்சுப்போட்டு விடுவினம், பயப்படாதேங்கோ” என்றார். என்னையும் சேர்த்துத்தான் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன்.

“எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ.”

“பிடிச்ச ஆக்கள் ஒருத்தரும் இங்க இல்லை. எங்க கொண்டுபோனவங்கள் எண்டும் சொல்லமாட்டாங்களாம். என்னை இருக்கக்கூடச் சொல்லேல்ல.”

ஐயோ கடவுளே என்று கத்த வாய் திறந்தேன். அதற்குள் அந்த மனுசி ஓடி வந்துவிட்டாள்.

“அக்கா, மெம்பர் உங்களிட்டத் தனியக் கதைச்சவர். என்ன சொன்னவர்?”

“விடுவினமாம்” என்றேன். “பின்னேரத்துக்குள்ள விடுவினமாம்.”