ஓடைக்காரியை எழுதியவள்

புதியம்புத்தூருக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி வேன் காலை ஆறே முக்காலுக்கு நாகலாபுரம் வரும். முத்துசெல்விக்கு டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல். ஊர் எல்லையில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டுகிறவரை போனைத் தொட மாட்டாள். வண்டி நல்ல ரோட்டில் ஏறியதும் இரண்டு கட்டைவிரல்களாலும் எழுத ஆரம்பிப்பாள். கம்பெனியில் நைட்டிக்குக் கழுத்து தைக்கிற வேலை அவளுக்கு. வயது முப்பத்து மூன்று. வேனில் போகிற அந்த நேரம் முழுக்க அவள் கோவில்பட்டித் தெருக்களில் பேய்களோடு அலைந்துகொண்டிருப்பாள்.

தொடரின் பெயர் 'ஆணி பிடுங்கும் நாள்'. கதை படிக்கிற ஒரு செயலியில் வாரம் ஒரு பகுதி போடுவாள். கிராமத்துப் புளியமரங்களில் மந்திரவாதிகள் ஆணியடித்து இறுக்கி வைத்த பேய்கள் ஒவ்வொன்றாக ஆணியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்துவிடுகின்றன. சூனியக்காரி என்று ஊர் விரட்டிய பெண்கள் அங்கே ஏற்கெனவே தீப்பெட்டி ஆபீசிலும் லாட்ஜிலும் பரோட்டாக் கடையிலும் வேலை பார்க்கிறார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்து, தங்களைக் கட்டிப்போட்டவர்களுக்கு எதிராகக் கிளம்புகிறது. அவர்களுக்குத் தலைவி ஒரு சூனியக்காரி. பெயர் ஓடைக்காரி. ஆயிரத்து நானூறு பேர் விடாமல் படித்தார்கள். எப்படி யோசிக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார்கள். அவள் யோசிக்கவில்லை. அந்தக் கதையில் பாதி அழகுத்தாயுடையது.

அழகுத்தாய் வீட்டில் ஆடு மேய்ப்பு. முத்துசெல்வி வீட்டில் மானாவாரிப் பருத்தி. பத்தாவது முடித்த லீவில் அழகுத்தாய் ஆடுகளை ஓடைப் பக்கம் ஓட்டிப் போவாள். முத்துசெல்வி தூக்குவாளியில் மோர் கொண்டு போவாள். உடைமரத்தடியில் இருவரும் உட்கார்ந்து பேய்களுக்குப் பெயர் வைத்தார்கள். எல்லாப் பேயும் கோவில்பட்டிக்குப் போக வேண்டும் என்பதில் அழகுத்தாய் உறுதியாக இருந்தாள். அங்கே போய்விட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது, இஷ்டத்துக்கு இருக்கலாம் என்பாள். முத்துசெல்வி கதை சொல்லுவாள். அழகுத்தாய் எழுந்து நின்று, கூந்தலை அவிழ்த்துவிட்டு, அடித்தொண்டையில் பேயாகப் பேசுவாள். "பிடுங்குதேன் பாரு, பிடுங்குதேன் பாரு" என்று அவள் கத்தினால் ஆடுகள் மேய்ச்சலை விட்டுத் திரும்பிப் பார்க்கும். முத்துசெல்விக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

ஒரு உச்சிப் பொழுதில் முத்துசெல்வி வர நேரமாகிவிட்டது. அழகுத்தாய் தனியாக நின்று பேசிப் பார்த்திருக்கிறாள். அந்த வழியாக வந்த அவளுடைய பெரியப்பா அதைக் கேட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பேய் ஓட்டக் கோடாங்கி வந்தார். பட்டப்பகலில், வீட்டு வாசலில், ஊர் பார்க்க அழகுத்தாயைப் பலகையில் உட்கார வைத்தார்கள். அது விளையாட்டு, முத்துசெல்வியைக் கேளுங்கள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு முத்துசெல்வியைப் பார்த்தார்.

"நீ கூடவே இருக்கிறவ. இவ ஓடையில யாருகூடப் பேசுதா?"

கூட்டத்தில் முத்துசெல்வியின் அப்பா நின்றார், அம்மா நின்றாள். நானும்தான் பேசினேன் என்று சொன்னால் அடுத்த பலகையில் தன்னை உட்கார வைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பதினாறு வயது அவளுக்கு.

"தெரியாது" என்றாள்.

அதன்பிறகு பிரம்படி. பொழுது சாயும்வரை அடி. கடைசியில் அழகுத்தாயின் உச்சிமுடியைக் கொஞ்சம் அறுத்துக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்தார்கள். அவள் அதற்குமேல் பள்ளிக்கூடம் போகவில்லை. கல்யாண வயது வந்ததும், விஷயம் வெளியூருக்குப் பரவுமுன் என்று அவசரமாகக் கயத்தாற்றில் பஞ்சர் கடை வைத்திருந்த லிங்கராஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முத்துசெல்வி பந்தலின் கடைசிக் காலருகே நின்றாள். சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

தொடரில் அவள் ஓடைக்காரிக்கு ஒரு சிநேகிதியை வைத்தாள். பெயர் வாய்பூட்டி. மந்திரவாதிகள் கேட்டபோது ஒன்றும் தெரியாது என்று சொன்னவள் அவள்தான். அறுபதாவது பகுதியில் அது வாசகர்களுக்குத் தெரிந்தது. வேனில் போகும்போது முத்துசெல்வி கருத்துகளைப் படித்தாள். வாய்பூட்டியைச் சும்மா விடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓடைக்காரி கையாலேயே சாக வேண்டும் என்று இன்னொருவர். பேய்கள் எல்லாம் சேர்ந்து அவளைப் பிய்த்துப்போடட்டும் என்று ஒரு பெண் எழுதியதற்கு இருநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

அடுத்த மூன்று வாரம் அவளால் ஒரு வரி எழுத முடியவில்லை. கம்பெனியில் கழுத்தை மாற்றித் தைத்து, இருபது உருப்படியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கணவன் ஹரிகிருஷ்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். என்னவென்று கேட்டான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு, கயத்தாறு என்ன காணாத தேசமா, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டி போய், கயத்தாறு ஊருக்குள் போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறினாள். பஞ்சர் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. லிங்கராஜ் ஒரு லாரி டயரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கடையை ஒட்டிய வீட்டு வாசலில் அழகுத்தாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு கனத்திருந்தது. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். முத்துசெல்வியைப் பார்த்ததும் கையிலிருந்த சேலையை உதறி, மடிப்பு இல்லாமல் காயப்போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"வா" என்றாள்.

காப்பி கொடுத்தாள். பிள்ளைகளை விசாரித்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை விட்டு முத்துசெல்வி பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசினாள். கடைசியில் போனை எடுத்து, இதை எழுதுகிறேன் என்று சொல்லி முதல் பகுதியைப் படித்துக் காட்டினாள். அழகுத்தாய் சுவரில் சாய்ந்து கேட்டாள். மந்திரவாதிகள் பஸ் ஸ்டாண்டு மாடியில் சங்கம் வைத்து நடத்துகிற இடத்தில் சிரித்துவிட்டாள். பழைய சிரிப்பு. அதைக் கேட்டதும் முத்துசெல்விக்குக் கண்ணீர் மறைத்தது. படிக்க முடியாமல் நிறுத்தினாள்.

"நான் அன்னைக்கு வெளையாட்டுன்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

அழகுத்தாய் காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ஆமா. சொல்லியிருந்தா விட்டிருப்பாவ" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். தேற்றி ஒரு வார்த்தை வரும் என்று இத்தனை வருஷமாகத் தான் காத்திருந்தது முத்துசெல்விக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு வாய்பூட்டியைப் பற்றிச் சொன்னாள். படிக்கிறவர்கள் எல்லாரும் அவளைக் கொல்லச் சொல்கிறார்கள், ஓடைக்காரி என்ன செய்வாள் என்று கேட்டாள்.

"கொல்ல மாட்டா" என்றாள் அழகுத்தாய். "அவளுக்கு வேற சோலி கெடக்கு. அத்தன பேய கூட்டிட்டு வந்திருக்கா, அதுகளுக்கு இருக்க எடம் பாக்கண்டாமா? இவள நெனச்சிக்கிட்டு உக்காந்திருப்பாளாக்கும்."

கிளம்பும்போது தன் போனை நீட்டி, அந்தச் செயலியை இறக்கித் தரச் சொன்னாள். முத்துசெல்வி தொடரை எடுத்து வைத்துக் கொடுத்தாள். பஸ் நிற்கிற இடம்வரை அழகுத்தாய் கூட வந்தாள். பஸ் வந்து நின்றபோது முத்துசெல்வியின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எழுது. ஆனா இங்கன வராத. நீ வந்தா எல்லாம் வருது. நான் ராவும் பகலும் நல்லாத்தான் இருக்கேன்."

முத்துசெல்வி அதற்குப் பிறகு கயத்தாறு போகவில்லை. திருநெல்வேலிக்குப் போன இரண்டு தடவையும் பைபாஸில் போகிற பஸ்ஸில்தான் ஏறினாள்.

அறுபத்தொன்றாம் பகுதியில் ஓடைக்காரி தெருவில் வாய்பூட்டியைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு நடந்து போய்விடுகிறாள். இந்திரா நகர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கிற ஒரு மில்லை அவளும் பேய்களும் கூட்டிப் பெருக்குகிறார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. முந்நூறு பேர் விலகிப் போனார்கள். முத்துசெல்வி பேய்களுக்கு அறை ஒதுக்குவதை அடுத்த நான்கு பகுதிகளுக்கு எழுதினாள். எந்தப் பேய்க்கு ஜன்னல் வேண்டும், எது கிணற்றடியில் படுக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். வாய்பூட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒவ்வொரு பகுதியும் போட்ட மறுநாள் காலை, வேனில், எத்தனை பேர் படித்தார்கள் என்று அவள் பார்க்கிறாள். பெயர் தெரியாது, எண்ணிக்கை மட்டும் தெரியும். கயத்தாற்றில் கடையை ஒட்டிய வீட்டில், துணி காயப்போட்ட கையோடு ஒருத்தி அதைத் திறந்திருப்பாளா என்று நினைக்கிறாள். சில இடங்களில் அவளுக்குச் சிரிப்பு வருமா என்று யோசித்து, அந்த வரியை மட்டும் மறுபடி படித்துப் பார்க்கிறாள். வண்டி புதியம்புத்தூர் திருப்பத்தில் குலுங்கியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்குகிறாள்.