மார்க் இல்லாத பீரியட்

பத்தாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துவது என்றால், முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரே ஆள் மாதிரி எழுத வைப்பது. சிவப்புப் பேனா பிடித்துக் கை கடுக்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

போகாத பொருட்காட்சி

காலாண்டுத் தேர்வில் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று கட்டுரை. திருத்த உட்கார்ந்தால், முப்பத்தெட்டுப் பேரும் ஞாயிறு மாலை அப்பாவோடு போயிருக்கிறார்கள். எல்லோரும் ராட்டினம் ஏறி, அப்பளம் தின்று, 'மனநிறைவுடன் இல்லம் திரும்பி' இருக்கிறார்கள். பாதிப் பேருடைய அப்பா வளைகுடாவில் இருக்கிறார். எந்த ஞாயிற்றுக்கிழமை வந்து போனாரோ!

தாளைக் கொடுத்துவிட்டு, "உண்மையிலேயே யாரெல்லாம் போனீங்க?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து, முட்டம் கடற்கரையிலிருந்து வரும் பிள்ளை ஜெனிஷா எழுந்தாள்.

"நாங்க யாரும் போவல்ல டீச்சர். கைடுதான் போயிட்டு வந்துச்சு. நாங்க அத மனப்பாடம் பண்ணினோம்."

வேண்டாத மீன்

அந்த வாரமே வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எடுத்துக்கொண்டேன். கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். மார்க் கிடையாது, சிவப்புப் பேனா கிடையாது. முதல் வாரம், "எத்தன வரி டீச்சர்?" என்று கேட்டே பொழுதைக் கழித்தார்கள். மூன்றாவது வாரம் ஜெனிஷா, மீன் விற்கும் தன் அம்மாவைப் பற்றி எழுதினாள்: 'கரையில் ஏலம் நடக்கும்போது அம்மா தனக்கு வேண்டிய மீனைப் பார்க்கவே மாட்டாள். வேண்டாத மீனைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.'

எனக்குப் புல்லரித்துவிட்டது. வகுப்பில் உரக்க வாசித்தேன். திங்கட்கிழமை காலையிலேயே அவள் அம்மா வந்து நின்றார்.

"எனக்க ஏவாரத்துக்க சூட்சுமம் எல்லாத்தையும் எழுதிப்போட்டாளே டீச்சர்! என்கூட ஏலம் எடுக்கவளுக்க மவளும் இந்தக் கிளாஸ்லதான இருக்கா?"

எட்டுக்கு மூன்று

அரையாண்டிலும் அதே பொருட்காட்சி. ஜெனிஷா, 'நான் எந்தப் பொருட்காட்சிக்கும் போனதில்லை. எங்கள் கரையைத்தான் பார்த்திருக்கிறேன்' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். தாளைத் திருத்தியது பக்கத்துப் பள்ளி ஆசிரியர். எட்டுக்கு மூன்று போட்டிருந்தார். பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் கிடைக்க ஒவ்வொரு மார்க்காகச் சேர்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவள். எனக்கு அவர் மேல் பாதிக் கோபம், என் மேல் பாதி. நேரே போய்ச் சண்டை பிடித்தேன். அவர் விடைக்குறிப்பை எடுத்து நீட்டினார்.

"முன்னுரை இல்ல, உள்தலைப்பு இல்ல, மேற்கோள் இல்ல. நல்லா எழுதியிருக்கா, நான் இல்லன்னு சொல்லல்ல. நல்லா எழுதுறதுக்கு இதுல மார்க் போட்டிருக்கா, நீங்களே பாருங்க."

ஸ்லிப் டெஸ்ட்

என் வெள்ளிக்கிழமை பீரியடால்தான் மார்க் போனது என்று தலைமையாசிரியர் கூப்பிட்டார். இனி வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் ஸ்லிப் டெஸ்ட். 'இனி இவ்வாறு நிகழாது' என்று எழுதியும் தர வேண்டும். டெஸ்ட் வைக்கிறேன், எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வகுப்பில் எதையும் மறைக்கவில்லை. "பரீட்சையில உள்தலைப்பு போட்டே எழுதுங்க மக்கா, மார்க்க விடாதீங்க. ஆனா அதுதான் எழுத்துன்னு நம்பிராதீங்க" என்றேன். அந்த பீரியட் போனது எனக்கு அத்தனை வலித்தது.

வெள்ளிக்கிழமை பத்துக் கேள்வி கொடுத்தேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். தாளைத் தாருங்கள் என்றேன், ஒருவரும் எழவில்லை. ஜெனிஷா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பக்கத்துப் பிள்ளையும் திருப்பினாள். பிறகு வகுப்பு முழுக்கத் தாள் புரளும் சத்தம். தாள் வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வராந்தாவில் ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். ஒரு தலையும் நிமிரவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா டீச்சர், டெஸ்ட்னு வச்சா பிள்ளைய எல்லாம் எப்படி ரசிச்சு எழுதுது!"

தாளின் முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளட்டும், பின்பக்கத்தை விட்டுக்கொடுப்பதாக நாங்கள் முப்பத்தொன்பது பேரும் இல்லை.