சந்தனம் அழித்த எண்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. வெயில் பட்டால் மினுங்கும். வாங்கும்போதே உள்ளே போட்டுக் கொடுத்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான உரிம எண் அதில்தான் இருந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்புப் பெட்டியில் பார்க்க நன்றாக இருந்தது அது ஒன்றுதான். அதனால் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனத்தைக் குழைத்து அதன் மேலேயே அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததும் நான்தான். இப்படி நான்கு பூஜை நடந்தது.

வில்லாபுரத்தில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அம்மா கல்லூரிக்காரர்களுக்குத் தீசிஸ் டைப் செய்து கொடுத்தாள். அப்பா திருப்பூரில் வேலையாக இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். கல்யாணத்துக்கு முன் அம்மா வேலை பார்த்த டைப்பிங் சென்டருக்கு ஒருநாள் சோதனைக்கு வந்தவர்கள், எல்லாவற்றிலும் திருட்டுக் காப்பி போட்டிருக்கிறது என்று மெஷின்களை அள்ளிக்கொண்டு போனார்களாம். பாதித் தீசிஸைப் பறிகொடுத்த ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து அழுததை அம்மா இன்றைக்கும் சொல்வாள். அதனால் டைப்பிங்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்கிட்ட எல்லாமே ஒரிஜினல்" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு இருந்த பெருமை அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில், கரண்ட் ஏறி இறங்கியதில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. போர்டு கருகிவிட்டது, இந்த மாடலுக்கு இனி பார்ட்ஸ் கிடைக்காது என்றார் மாமா. அம்மாவின் தம்பியான அவர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஓர் அக்காவின் தீசிஸை முடித்துக் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை காலை மாமா புதுப் பெட்டி, புது போர்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து தரையில் பரப்பி ஒவ்வொன்றாக மாட்டினார். பழைய பெட்டியிலிருந்து எடுத்தது ஹார்டு டிஸ்க் மட்டும்தான்.

மத்தியானம் புதுக் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது, ஓடியதும் உரிம எண்ணைக் கேட்டது. எண் இல்லாமலே ஓட வைக்கிற சங்கதி தன் பென் டிரைவில் இருக்கிறது என்றார் மாமா.

"அந்தத் திருட்டு வேலை வேணாம் தம்பி. பழசுல உள்ள நம்பரையே இதுல போடு. காசு குடுத்து வாங்குனதுதான?"

மாமா பழைய பெட்டியைத் திருப்பினார். சீட்டில் பாதி எழுத்து இல்லை.

"என்னக்கா, இம்புட்டுத் தேஞ்சு கெடக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாமா செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, எட்டா பி-யா, ஐந்தா எஸ்-ஸா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, அம்மா எழுதி எழுதி அடித்தாள். நானும் என் பங்குக்கு, "எட்டுதான் மாமா, நல்லா ஞாபகம் இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையும் நம்பிப் போட்டுப் பார்த்தார்கள், பாவம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருவழியாக எண் பொருந்தியது. பொருந்தியும் பயனில்லை. இந்த எண் வேறொரு கம்ப்யூட்டரோடு வந்தது, போன் செய்து பேசுங்கள் என்றது திரை.

"கேட்டா போர்டு மட்டும் ரிப்பேருக்கு மாத்துனோம்னு சொல்லுக்கா. விட்ருவாங்க" என்று சொல்லிவிட்டு மாமா ஸ்பீக்கரைப் போட்டார். வெகுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள், மரியாதையாகப் பேசினாள்.

"அதே கம்ப்யூட்டர்தானா மேடம்? போர்டு மட்டும் மாத்தினீங்களா?"

மாமா தலையைத் தலையை ஆட்டினார். அம்மா மூலையில் கிடந்த பழைய பெட்டியைப் பார்த்தாள்.

"இல்லம்மா. எல்லாமே புதுசு. இது வேற கம்ப்யூட்டர்."

"அப்ப மாத்த முடியாதுங்க மேடம். அந்த உரிமம் அந்த மெஷினோட வந்தது, அதோடயே முடிஞ்சிரும்."

"நாங்க வாங்குனதுதானம்மா?"

"ஆமாங்க மேடம். ஆனா அந்த மெஷினுக்கு மட்டும்தான். இதுக்கு நீங்க புதுசா வாங்கணும்."

புதிதாக வாங்க அப்போது வழியில்லை. அம்மா அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

"ஒரே ஒரு பொய்க்கா. சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் மாமா.

"உல வைக்கப் போறேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவள் போனதும் மாமா பென் டிரைவைச் செருகினார். "அம்மாட்ட சொல்லிறாத பாப்பா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சீட்டை அழித்த பாவம் இதோடு கழிந்ததாக நினைத்துக்கொண்டேன். அம்மா திரும்பி வந்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எங்க கடை அண்ணன்ட்ட பேசிச் சரி பண்ணிட்டேன்க்கா என்றார் மாமா. அம்மா திரையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "சரி" என்று சொல்லி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். திங்கட்கிழமை அந்த அக்கா தீசிஸை வாங்கிக்கொண்டு சிரித்த முகமாகப் போனாள்.

சில வாரம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், திரையில் பின்னால் இருந்த படம் போய் முழுக்கக் கறுப்பாகியிருந்தது. வலது பக்கக் கீழ் மூலையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. எழுத்துக்கூட்டிப் படித்தேன். இது அசல் இல்லை என்கிற மாதிரி ஏதோ இருந்தது. அம்மா பார்த்துவிட்டால் மாமாவும் நானும் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அந்த மூலையில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அம்மா முகம் கழுவப் போகும்போது பொட்டைக் கண்ணாடி, பீரோ, குளியலறைக் கதவு என்று எங்கே வேண்டுமானாலும் ஒட்டிவிட்டுப் போகிறவள். நம் நல்ல நேரம், சரியாக அந்த எழுத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறாள் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். அதன் பிறகு பொட்டு ஏதாவது உதிர்ந்து கிடந்தால், அம்மா வருவதற்குள் எடுத்து எச்சில் தொட்டு ஒட்டிவிடுவேன்.

வருகிறவர்களிடம் ஒரிஜினல் என்று சொல்வதை அம்மா அந்தக் கோடையோடு நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு வருடம் அவளிடமிருந்து அந்த வரியை மறைத்துக் காப்பாற்றினேன். நாளெல்லாம் ஆங்கிலத்தில் தீசிஸ் அடிக்கிறவளுக்கு அந்த ஒரு வரி படிக்கத் தெரியாதா என்று எனக்குத் தோன்றவே இல்லை.