நான் மாற்றிவிட்ட கணவர் பெயர்கள்

பத்தாவது தவறியவள் நான். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். அனுபவச் சான்றிதழுக்காகப் பாம்பனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தேன்.

கடைசி வாரம், கடல்பாசி எடுக்கும் பெண்களின் பட்டியலில் பெண்களின் பெயர்களை மட்டும் கணினியில் அகர வரிசைப்படுத்தினேன். பக்கத்துக் கட்டத்திலிருந்த கணவர் பெயர்கள் நகரவில்லை. அவர்களுக்கான அடையாள அட்டைகள் அப்படியே அச்சாகிவிட்டன.

"ஏத்தா, என்னைய எதுத்த வீட்டுக்காரனுக்குக் கட்டிவச்சுட்டியே" என்றார் ஒரு அக்கா.

சரிபார்க்க, அவர்கள் நிரப்பித் தந்த காகிதப் படிவங்கள் மதுரைத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டன. இன்றே திருத்தாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்றார் மேலாளர். பெண்களை வரவழைத்துக் கேட்டால் ஒருத்தியும் கணவர் பெயரைச் சொல்லவில்லை.

"அவுக பேர நான் எப்படிச் சொல்ல? இவகிட்டக் கேளு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியின் கணவர் பெயரையும் பக்கத்தில் இருந்தவள் சொல்லச் சொல்ல, பொழுது சாயும்வரை தட்டினேன்.

ஆறு மாத அனுபவம் என்று சான்றிதழ் தந்தார்கள். என் தப்புக்காக அந்தப் பெண்கள் ஒரு நாள் பாசிக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தது அதில் இல்லை.